ஃபயர்வாலை அணைத்தால் பிரிண்ட் வரும், பின்னாலேயே ரேன்சம்வேரும் வரும்

கடையில் இரண்டு கணினிகள். ஒன்றில் பில் போடுவார்கள், இன்னொன்றில் கணக்கு. பிரிண்டர் முதல் கணினியில் மாட்டியிருக்கும்; இரண்டாவது ஷேரிங் வழியாக அதைப் பயன்படுத்தும். ஒருநாள் காலை, விண்டோஸ் அப்டேட் முடிந்து கணினி எழுந்ததும் கணக்குப்பிள்ளை கொடுத்த பிரிண்ட் வரவில்லை. திரையில் 11பி (11b) என்று முடியும் நீளமான பிழை எண். கவுன்டரில் கூட்டம். சர்வீஸ் தம்பிக்கு போன் போட்டால், "அந்த அப்டேட்டைத் தூக்கிடுங்கண்ணா, ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணிடுங்க, ஓடிடும்" என்பார். ஓடியும் விடும். அதன் பிறகு, அழையாமல் வரும் இணைப்புகளைத் தடுக்கும் அந்த ஃபயர்வாலை யாரும் திரும்பப் போடுவதில்லை.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸான ரேன்சம்வேர் என்றதும் "தெரியாத மெயிலைத் திறக்காதே" என்ற அறிவுரை எல்லோருக்கும் மனப்பாடம். சிறு கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், அச்சகங்கள் போன்ற இடங்களில், அவசரத்துக்குச் செய்த நெட்வொர்க் கைவைத்தியத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் அந்த 11பி பிழை. 2021-இல் விண்டோஸின் பிரிண்டர் சேவையில் அடுத்தடுத்து ஓட்டைகள் வெளிவந்தன. அவற்றை அடைத்துக்கொண்டே வந்த மைக்ரோசாஃப்ட், அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் ஷேர் செய்த பிரிண்டரோடு பேசுவதற்கான பாதுகாப்பை இறுக்கியது. அதனால் ஒரு கணினி அப்டேட் ஆகி மற்றொன்று ஆகாவிட்டால் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. இரண்டையும் முழுதாக அப்டேட் செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், லேன் அல்லது வைஃபை உள்ள பிரிண்டரை நேராக ரவுட்டரோடு இணைத்து, அதன் ஐபி முகவரியைக் கொடுத்து ஒவ்வொரு கணினியிலும் தனியாகச் சேர்த்துவிடலாம். ஷேரிங்கே வேண்டாம்.

அப்டேட்டைத் தூக்கிவிட்டு, அது மறுபடி வராதபடி அப்டேட் சேவையையே நிறுத்தி வைக்கிறார்களே, அதுதான் பெரிய தவறு. வானாக்ரை என்ற ரேன்சம்வேர் 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்தும் அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் சிக்கின. யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. கோப்புப் பகிர்வுக்கான நெட்வொர்க் வாசலான 445-ஆம் போர்ட் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது.

வானாக்ரை ஏறிவந்த பழைய கோப்புப் பகிர்வு முறைக்கு எஸ்எம்பி 1 என்று பெயர். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைக் கழற்றத் தொடங்கிவிட்டது. ஆனால் "நெட்வொர்க் பட்டியலில் பக்கத்து சிஸ்டம் தெரியவில்லை" என்று யூடியூபில் தேடினால், அதே எஸ்எம்பி 1-க்கு டிக் போடச் சொல்லும் வீடியோக்கள் வரிசையாக வரும். போடாதீர்கள். நெட்வொர்க் வகை 'பிரைவேட்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்ற சர்வீஸ் ஓடுகிறதா பாருங்கள். பட்டியலில் தெரியாவிட்டால்தான் என்ன, முகவரிப் பட்டையில் இரண்டு சாய்கோடு (\\) போட்டுக் கணினியின் பெயரை அடித்தால் திறந்துவிடும். பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடுவதற்கு எஸ்எம்பி 1 கேட்கிறது என்றால், பென்டிரைவில் ஸ்கேன் செய்துகொள்வது மேல்.

டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று திறந்துவிடுவது இன்னொரு வழக்கம். பல பேர் ஒரே கம்பெனியில் பதிவு போட வேண்டுமென்றால் எழுதும் உரிமை கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வைஃபையில் சேரும் எல்லாருக்கும் ஏன்? தனியாக ஒரு யூசர், அதற்கொரு பாஸ்வேர்ட், அந்த யூசருக்கு மட்டும் உரிமை. இல்லாவிட்டால் பில் கவுன்டர் கணினியில் நுழைந்த ரேன்சம்வேர், நெட்வொர்க் வழியே போய் சர்வரில் இருக்கும் கணக்கையும் பூட்டிவிடும்.

வீட்டிலிருந்து அலுவலகக் கணினியைப் பார்க்க ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்து வைப்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. இணையத்தை இரவு பகலாகத் துழாவும் நிரல்கள் அதைக் கண்டுபிடித்து, பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கும். போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் தப்பிக்க முடியாது. விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழியைப் போட்டு அதன் வழியாக மட்டுமே உள்ளே வர வேண்டும்.

மாட்டிக்கொண்ட பிறகு

ஸ்டாப் என்றும் டிஜேவியூ (Djvu) என்றும் அழைக்கப்படும் ரேன்சம்வேர் குடும்பம் வீட்டுக் கணினிகளைப் பல ஆண்டுகளாக ஆட்டிவைத்தது. பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர், கீஜென், விண்டோஸ் ஆக்டிவேட்டர் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். பின்னணியில் கோப்புகளைப் பூட்டும்போது திரையில் போலியான விண்டோஸ் அப்டேட் சாளரத்தைக் காட்டி ஏமாற்றும். அது முடிந்து பார்த்தால் கல்யாண ஃபோட்டோக்களின் பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத நாலெழுத்து ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்றொரு நோட்பேட் கோப்பு கிடக்கும்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடி மாதிரி!

இந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது லேன் கேபிளைப் பிடுங்குவது, வைஃபையை அணைப்பது. பூட்டும் வேலை இன்னும் நடக்கிறது என்று தெரிந்தால் பவரையே நிறுத்திவிடுங்கள். பேக்கப் ஹார்ட் டிஸ்கை எடுத்துவந்து அதே கணினியில் செருகாதீர்கள். "எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பார்த்துவிடலாம்" என்ற பதற்றத்தில் பலர் இதைச் செய்கிறார்கள். டிஜேவியூ தன்னைத் தானே மறுபடி மறுபடி எழுப்பிக்கொள்ள ஒரு டாஸ்க்கை விட்டுவைத்திருக்கும். செருகிய டிஸ்க்கும் போய்விடும்.

உடனே ஃபார்மேட் அடிப்பதும் தவறுதான். பூட்டிய கோப்புகளையும் அந்த ரீட்மீயையும் வேறொரு காலி டிஸ்கில் நகல் எடுத்து வைத்துவிட்டு, பிறகு அடியுங்கள். ஏனென்றால் ரீட்மீயின் அடியில் உங்களுக்கான ஐடி எண் இருக்கும். அது டி1 (t1) என்று முடிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் யோகம் உண்டு. இந்த வைரஸ் பூட்டத் தொடங்கும் முன் தன் சர்வரிடம் ஒரு சாவி கேட்கும். சர்வர் கிடைக்காவிட்டால் தன்னுள்ளே இருக்கும் பொதுச் சாவியால் பூட்டிவிடும். அந்தப் பொதுச் சாவியின் அடையாளம்தான் டி1. ஒரே வகையில் டி1 ஐடியோடு சிக்கிய எல்லோருக்கும் ஒரே சாவி என்பதால், அது என்றைக்காவது வெளிவந்தால் உங்கள் கோப்பும் திறக்கும். அன்றைக்கு நெட் போயிருந்தது சிலருக்கு நல்லதாகப் போயிற்று! எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கான இலவசக் கருவியை வெளியிட்டது. அப்போதே 148 வகைகளுக்கு வேலை செய்தது. அதன் பிறகு வந்த வகைகளில் சர்வர் கொடுத்த சாவியால் பூட்டப்பட்டிருந்தால் இப்போதைக்கு வழியில்லை. அப்படியும் டிஜேவியூ ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது என்பதால், பெரிய வீடியோக்களைப் பழுதுபார்த்துக் கணிசமான பகுதியை மீட்க முடிகிறது.

எந்தக் குடும்பம் என்று தெரியாவிட்டால், டச்சுப் போலீஸும் யூரோபோலும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் ரீட்மீயையும் பூட்டிய கோப்பு ஒன்றிரண்டையும் ஏற்றிப் பாருங்கள். கருவி இருந்தால் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். டெலிகிராமில் "டிக்ரிப்ட் செய்து தருகிறேன்" என்பவரிடமும், கண்ட தளத்தில் கிடைக்கும் டிக்ரிப்டர் என்ற பூட்டுத் திறக்கும் கருவியிடமும் போகாதீர்கள். 2020-இல் சோராப் என்ற ரேன்சம்வேர், டிஜேவியூ டிக்ரிப்டர் என்ற வேஷத்திலேயே வந்து, ஏற்கெனவே பூட்டிய கோப்புகளை இன்னொரு முறை பூட்டியது.

பணம் கட்டலாமா? 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் 75 பிட்காயின் கட்டி டிக்ரிப்டர் வாங்கியது. அது அவ்வளவு மந்தமாக ஓடியதால் தங்கள் பேக்கப்பை வைத்தே மீட்க வேண்டியிருந்தது. நம் ஊர் ஆளுக்கு 490 டாலரைத் திருடனுக்குக் கிரிப்டோவில் அனுப்பிய பின் யாரிடம் போய்க் கேட்பது? இந்தியாவில் சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். நிறுவனமென்றால், 2022-இல் வந்த உத்தரவின்படி ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

டிஜேவியூ சில சமயம் பாஸ்வேர்ட் திருடும் நிரலையும் கூட்டிக்கொண்டு வரும். பிரவுசரில் சேமித்த ஜிமெயில், வங்கி பாஸ்வேர்ட் எல்லாம் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு, வேறு கணினியிலோ போனிலோ மாற்றுங்கள்.

சுத்தம் செய்த பிறகும் நெட் வராவிட்டால்

மற்றதெல்லாம் திறக்கிறது, ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் 'திஸ் சைட் காண்ட் பி ரீச்டு' என்கின்றன. உடனே ரவுட்டரை ரீசெட் செய்யாதீர்கள். டிஜேவியூ போகும்போது ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் அந்தத் தளங்களின் பெயர்களை எழுதி வழியை மறித்துவிட்டுப் போகும். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் அது இருக்கும். நோட்பேடை அட்மினாகத் திறந்து, ஹேஷ் குறி இல்லாமல் தொடங்கும், நீங்கள் எழுதாத வரிகளை அழியுங்கள். எந்தத் தளமுமே திறக்காமல் பிராக்ஸி பிழை காட்டினால், செட்டிங்ஸில் யாரோ வைத்துவிட்டுப் போன பிராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) முகவரியை அணைத்தால் போதும்.

'நெட்வொர்க் ரீசெட்' பொத்தானைக் கடைசியில் மட்டும் தொடுங்கள். அது கையால் கொடுத்து வைத்த ஐபி முகவரியையும் விபிஎன் அமைப்பையும் சேர்த்தே அழித்துவிடும். நெட் வந்துவிடும், டேலி சர்வரை மற்ற கணினிகள் தேடிக்கொண்டிருக்கும். அழுத்துவதற்கு முன் அந்த எண்களைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை என்று பொருள். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கேபிளைப் பாருங்கள், ரவுட்டரைப் பாருங்கள். எல்லாத் தளத்திலும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் கீழே மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கணினி ஏழெட்டு வருடம் பின்னால் போய் நின்றுகொண்டிருக்கும். மதர்போர்டில் இருக்கும் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வைரஸ் என்று சொல்லி யாராவது ஃபார்மேட்டுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.