ரெட் கார்னர் நோட்டீஸ் பிடிவாரண்ட் அல்ல

“இன்டர்போல் போலீஸ் தேடுகிறது” என்று செய்தியில் வந்தாலே, கறுப்புக் கோட்டு ஆட்கள் விமானத்தில் வந்து இறங்கி விலங்கு மாட்டுவதுபோல் நமக்கு மனசில் ஓடும். சினிமா செய்த வேலை. கைது செய்யும் படை இன்டர்போலிடம் கிடையாது. பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம், 196 உறுப்பு நாடுகள். ஒரு நாட்டுப் போலீஸின் தகவலை இன்னொரு நாட்டுப் போலீஸிடம் சேர்ப்பதுதான் அதன் பிழைப்பு. இந்தியா சார்பில் அதை வாங்கி அனுப்புவது சிபிஐ.

ரெட் கார்னர் நோட்டீஸைச் சர்வதேசப் பிடிவாரண்ட் என்று எழுதுவதும் இதே குழப்பம்தான். “இந்த ஆளைக் கண்டால் பிடித்து வையுங்கள், முறைப்படி கேட்டு வாங்கிக்கொள்கிறோம்” என்ற வேண்டுகோள் அது. மதிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பாடு. அமெரிக்காவில் அதை மட்டும் வைத்து யாரையும் கைது செய்ய முடியாது. வங்கி மோசடி வழக்கில் தேடப்பட்ட வைர வியாபாரி மெகுல் சோக்ஸி மீதிருந்த நோட்டீஸை இன்டர்போல் நீக்கிவிட்டது. ‘இனி அவ்வளவுதான்’ என்று பலர் கைகழுவினார்கள். ஆனால் 2025 ஏப்ரலில், இந்தியாவின் கோரிக்கையின் பேரில் பெல்ஜியம் அவரைக் கைது செய்தது.

நோட்டீஸ் வந்தாலே ஆள் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஹக்கீம் அல் அரைபி என்ற கால்பந்து வீரர் பஹ்ரைனிலிருந்து தப்பி, ஆஸ்திரேலியாவில் அகதி அந்தஸ்து பெற்றவர். 2018 நவம்பரில் மனைவியோடு தேனிலவுக்கு பாங்காக் போய் இறங்கியபோது, பஹ்ரைன் கேட்டு வாங்கியிருந்த நோட்டீஸால் பிடிபட்டார். தப்பி வந்த நாடே கேட்டால் அகதிமீது நோட்டீஸ் போடக்கூடாது என்பது இன்டர்போலின் சொந்த விதி. சில நாளில் நோட்டீஸை விலக்கிக்கொண்டார்கள். ஆள் வெளியே வர 2019 பிப்ரவரி ஆனது.

அப்புறம், நம் மொழியே போடும் ஒரு முடிச்சு. ‘நாடு கடத்தல்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். 2015-ல் இந்தோனேசியா மும்பை நிழலுலக தாதா சோட்டா ராஜனைத் தன் மண்ணிலிருந்து வெளியேற்றி இந்தியாவுக்கு அனுப்பியது. அது வெளியேற்றம். 2005-ல் போர்ச்சுகல் மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை அனுப்பியது நீதிமன்றம் வழியாக, நிபந்தனையோடு. இது ஒப்படைப்பு. மரண தண்டனை கூடாது, 25 ஆண்டுக்கு மேல் சிறையும் கூடாது என்று இந்தியா வாக்குக் கொடுத்தே அவரைப் பெற்றது. பிறகு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோதும் அந்த வாக்கு அரசின் கையைக் கட்டியது. 25 ஆண்டு முடிந்ததும் விடுவிக்க அரசு கடமைப்பட்டது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘வந்தாச்சே, இனி எந்த வழக்கையும் போடலாம்’ என்பதும் ஒப்படைப்பில் செல்லாது. எந்தக் குற்றத்துக்காகக் கேட்டோமோ அதற்குத்தான் விசாரணை. அது இரண்டு நாட்டிலும் குற்றமாக இருக்கவும் வேண்டும். எனவே செய்தி எழுதுபவர்கள் ‘வெளியேற்றம்’, ‘ஒப்படைப்பு’ என்று பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

கடைசியாக, வெளிநாட்டுப் போலீஸ் போனிலோ மெயிலிலோ சொன்ன தகவலை ஆதாரம் என்று நினைப்பது. துப்புத் துலக்க அது உதவும். வழக்கில் வைக்க வங்கிக் கணக்கு விவரமோ சாட்சியின் வாக்குமூலமோ வேண்டுமென்றால், இங்குள்ள நீதிமன்றம் அங்குள்ள அதிகாரிகளுக்குக் கோரிக்கைக் கடிதம் எழுத வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு 166ஏ பிரிவு இருந்தது, புதிய சட்டத்தில் 112. பதில் வர வருஷக்கணக்கிலும் ஆகலாம்.