சென்னை – மதுரை: தூரக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் ஒரு தளம் 420 கிலோமீட்டர் என்னும், இன்னொன்று 460 என்னும். இரண்டும் சரிதான். முதலாவது வான்வழியில் நேர்கோடு. இரண்டாவது விழுப்புரம், திருச்சி வழியாகப் போகும் சாலை. எது எதுவென்று பார்க்காமல் டாக்சிக்கு வாடகை பேசுவது முதல் தவறு.

நேர்கோட்டுத் தூரத்தோடு பத்து சதவீதம் கூட்டிக்கொண்டால் சாலைத் தூரம் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சாலை பெரிதாக வளையாததால் இந்தத் தடத்துக்கு அது பொருந்திப் போகிறது, அவ்வளவுதான். மதுரையிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் 80 கிலோமீட்டர்கூட இல்லை. வத்தலக்குண்டு போய் மலை ஏறினால் சுமார் 115.

அதே தளங்கள் சில, விமானத்தில் 28 நிமிடம் என்று போடும். 420ஐ மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்த விடை அது, வேறொன்றும் இல்லை. விமானம் ஓடுபாதைக்கு உருண்டு போக வேண்டும், மேலே ஏற வேண்டும், இறங்க வேண்டும். இவ்வளவு சின்னத் தடத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். முன்னால் விசிறி சுழலும் ஏடிஆர் ரகச் சின்ன விமானம் என்றால் வேகமே 500 சொச்சம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள்; அதை நம்புங்கள்.

ஆனால் அந்த ஒன்றேகாலைக் காரின் ஏழெட்டு மணி நேரத்தோடு நேராக ஒப்பிடாதீர்கள். அண்ணா நகரிலிருந்து மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரம். உள்ளே செக்-இன், பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு என்று ஒன்றரை. இறங்கிப் பெட்டியை எடுத்து, அவனியாபுரம் தாண்டி ஊருக்குள் வர இன்னொரு மணி. மொத்தம் ஐந்து மணியை நெருங்கிவிடும். மிச்சமாவது இரண்டு மூன்று மணி நேரம். கூடுதல் காசு அதற்குத்தான் என்று தெரிந்து கொடுங்கள்.

காரில் போகிறவர்கள் வேகத்தில் ஏமாறுகிறார்கள். வண்டி நூறில் போகும், நாலரை மணியில் மதுரை என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். வெள்ளிக்கிழமை மாலை தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி எல்லாம் கடந்து, பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்து செங்கல்பட்டைத் தொடவே இரண்டு மணி நேரம் ஆகும். வந்த தூரம் 55 கிலோமீட்டர். மீதி 405ஐ எங்கும் நிற்காமல் சராசரி 90ல் ஓட்டினாலும் நாலரை மணி. ஆக, ஆறரை. சாப்பாடு, டீசல், டீ எல்லாம் இதற்கு மேல். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் என்றால் இந்தக் கணக்கையே தூக்கிப் போட்டுவிடுங்கள். மேப்பில் நள்ளிரவில் பார்த்த நேரம் மாலைக்குச் செல்லாது. புறப்படும் நேரத்தைக் கொடுத்துப் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

பேருந்துக்காரர்களுக்குத் தொடக்க இடமே மாறிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு, தென்மாவட்டப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கிருந்துதான். பயண நேரம் குறைந்தது போலத் தெரியும். திருவொற்றியூரில் இருப்பவர் கிளாம்பாக்கம் வந்து சேரும் நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது?

ரயில் பாதைதான் இருப்பதிலேயே நீளம்: எழும்பூரிலிருந்து 493 கிலோமீட்டர். இருந்தும் தேஜஸ் ஆறேகால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.