கோடை வேலைக்கு முன் ஐ-20-இல் தேதியைப் பாருங்கள்: அமெரிக்காவில் படிக்கப் போகும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

ஏப்ரல் 15 வந்தால் மண்டபத்தில் விசைப்படகுகள் கரையோரம் வரிசை கட்டி நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலை பின்னுகிற சத்தமும் பெயிண்ட் வாசனையுமாக ஊரே மராமத்தில் இறங்கிவிடும். அந்த நாட்களில்தான் என் வாட்ஸ்அப்பும் நிறையும். பாம்பன், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் அமெரிக்காவில் எங்கெங்கோ படிக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, சம்மருக்கு புரொபசர் வேலை தர்றேன்னு சொல்லிட்டார். சேர்ந்துடலாமா?" கீழக்கரைத் தம்பிகள் அதையே "காக்கா" என்று ஆரம்பித்துக் கேட்பார்கள், அவர்கள் பேச்சில் அண்ணன் என்று பொருள்.

நான் ஆறு வருடம் அங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியலில் முனைவர் பட்டம் படித்தவன். இப்போது ஊரில் இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை, ஆகஸ்டில் விமானம் ஏறப் போகிறவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் படகு முதலாளி "நாளைக்கு வந்துடு" என்று சொன்னால் மட்டும் கடலுக்குப் போய்விட முடியுமா? டீசல் இருக்கும், ஐஸ் இருக்கும், ஆள் இருக்கும். மீன்துறை டோக்கன் கொடுத்தால்தான் விசைப்படகு கிளம்பும். அங்கே புரொபசர் படகு முதலாளி மாதிரி. அவரிடம் ஆராய்ச்சிப் பணம் இருக்கும், உங்கள் மேல் நல்ல எண்ணமும் இருக்கும். ஆனால் டோக்கன் அவர் கையில் இல்லை. அது பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும் குடியேற்றத் துறையிடமும் இருக்கிறது. பெரும்பாலான புரொபசர்களுக்கு விசா விதி தெரியாது, அது அவர்கள் வேலையும் இல்லை. துறை அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கும் நீங்கள் மாணவரா, பட்டம் முடித்தவரா, ஜே-1 என்கிற பரிமாற்ற விசாவில் வந்த ஆய்வாளரா என்பது பல நேரம் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, யார் என்ன செய்யலாம்?

படிப்பு நடந்துகொண்டிருக்கிறது, அடுத்த செமஸ்டரும் தொடரப் போகிறீர்கள், எஃப்-1 என்கிற மாணவர் விசா. இவர்களுக்குத்தான் எல்லாவற்றிலும் சுலபம். செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். நூலகத்தில் 10, ஆய்வகத்தில் 15 என்று பிரித்தாலும் மொத்தத்தைத்தான் கணக்கெடுப்பார்கள், அது 25 ஆகிவிடும், தப்பு. கோடை விடுமுறையில் முழு நேரம் செய்யலாம். ஆனால் உங்கள் படிப்பே கோடையில் தொடங்குகிறது, அல்லது கோடையில் கட்டாயம் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றால் அது உங்களுக்கு விடுமுறை இல்லை, 20 மணி நேரம்தான்.

கோடையில் என்ன வேலை இருக்கும்? ஆய்வகம், நூலகம், விடுதிகளைக் காலி செய்து சுத்தம் பண்ணுகிற வேலை, பள்ளிப் பிள்ளைகளுக்கான முகாம்கள், சாப்பாட்டுக் கூடம். கடல் சார்ந்த துறை என்றால் கடலோர ஆய்வு நிலையங்களில் களப்பணி. வளாகத்துக்குள் வெளியார் நிறுவனம் கட்டடம் கட்டுகிறது, அதில் சேரலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. மாணவர்களுக்குச் சேவை தராத வெளியார் வேலை வளாகத்துக்குள் நடந்தாலும் வெளிவேலைதான்.

இந்த மே மாதம் படிப்பு முடிகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், நம் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிற இடம் இதுதான். பல்கலைக்கழகம் உங்களுக்குத் தந்த ஐ-20 என்கிற சேர்க்கைத் தாளில் படிப்பு முடியும் தேதி என்று ஒன்று அச்சிட்டிருக்கும். மாணவராக வளாகத்தில் வேலை செய்யும் உரிமை அந்தத் தேதியோடு தீர்ந்தது. பட்டமளிப்பு விழா என்றைக்கு, புரொபசர் என்ன சொன்னார் என்பதெல்லாம் கணக்கில் வராது. அதற்குப் பிறகு 60 நாள் அவகாசம் தருகிறார்கள். அந்த 60 நாளில் அந்த நாட்டில் இருக்கலாம், மூட்டை கட்டலாம், வேறு படிப்புக்கு மாறலாம். ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. தடைக்காலம் மாதிரியேதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்: படகு கரையில் நிற்கலாம், கடலுக்குள் இறங்கக் கூடாது.

தொண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர். மே இரண்டாம் வாரம் அவர் தேதி முடிந்தது. புரொபசர், "பாதியில் நிற்கிற பரிசோதனையை ஜூலை வரை பார்த்துக்கொள்" என்றார். தம்பியும் சந்தோஷமாக மறுநாளே போனார். துறை அலுவலகம் பழைய கணக்கிலேயே மணி நேரத்தைப் பதிந்துகொண்டது. பத்து நாள் கழித்து சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அந்தப் பத்து நாள் அனுமதியில்லாத வேலை என்று ஆகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். வழக்கறிஞரைத் தேடி அலைந்த அந்த மாதம் முழுக்க அவர் வீட்டில் அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்கு அது இன்னும் மனதில் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. தீசிஸை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அலுவலகம் அந்த முடிவுத் தேதியை முன்னால் இழுத்துவிடும். ஆகஸ்ட் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது ஜூன் ஆகிவிடலாம். தேதி மாறுமா என்று கேட்டுவிட்டே தீசிஸைச் சமர்ப்பியுங்கள்.

பட்டம் முடித்தபின் வேலை செய்ய வழி ஓபிடி, அதாவது படித்த துறையிலேயே பயிற்சியாக வேலை பார்க்கிற அனுமதி. படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிந்து 60 நாள் வரை மனு போய்ச் சேரலாம். மே மாதம் முடிகிறவர் பிப்ரவரியிலேயே போட்டுவிடுவது நல்லது. தாமதித்தால் கோடை முழுக்க வேலை அனுமதி அட்டைக்காகக் காத்திருக்க வேண்டி வரும். அட்டை கைக்கு வந்து, அதில் போட்டிருக்கும் தொடக்க நாளும் வந்த பிறகுதான் வேலையில் கால் வைக்கலாம். ஓபிடி 12 மாதம். அறிவியல், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு கேட்க வழியுண்டு. அந்த முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அதனால் தொடக்க நாளை அவசரப்பட்டு முன்னால் வைக்காதீர்கள். பழைய ஆய்வகமே உங்களை எடுக்கும் என்றால் அதுவும் ஓபிடி வேலையாகக் கணக்காகும், ஆனால் மாணவர் கணக்கிலிருந்து மாற்றிப் புதிதாக நியமிக்க வேண்டும். அந்த மாற்றத்தைக் கேட்டு வாங்குங்கள்.

படிக்கும்போதே வெளி நிறுவனத்தில் கோடைப் பயிற்சி என்றால் சிபிடி என்கிற இன்னொரு அனுமதி. ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், பாடத்திட்டத்தோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும், ஐ-20-இல் அலுவலகம் பதிந்து தர வேண்டும். முழு நேர சிபிடியை 12 மாதம் செய்துவிட்டால் ஓபிடி போய்விடும். ஒரு கோடைக்கு மூன்று மாதம் எடுப்பதில் பயமில்லை.

ஜே-1 விசாவில் வருகிற ஆய்வாளர்கள், உங்களுக்கு அழைப்புக் கொடுத்த இடத்தில், அந்த அழைப்புத் தாளில் எழுதிய வேலையை மட்டும் செய்யலாம். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் கோடையில் காசு கொடுத்துப் பாடம் எடுக்கக் கூப்பிட்டால், போவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஜே-1 மாணவர்களுக்கும் வளாக வேலைக்கு எழுத்து அனுமதி வேண்டும். மனைவியோ கணவரோ கூட வந்தால்: ஜே-2 என்றால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், எஃப்-2 என்றால் வழியே இல்லை.

நம் ஆட்கள் சிலர், "கடையில் ரொக்கமாகத் தருவார்கள், யாருக்குத் தெரியும்" என்பார்கள். சாப்பாடு டெலிவரி ஆப்பில் நண்பர் பெயரில் ஓடுவதும் அதே கதைதான். உங்கள் அண்ணனாகச் சொல்கிறேன், வேண்டாம். வீட்டை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வேலை எப்படிக் கேட்பது? ஜனவரி, பிப்ரவரியிலேயே கேளுங்கள். பல துறைகளில் உதவித்தொகை ஒன்பது மாதத்துக்குத்தான், மே மாதத்தோடு நின்றுவிடும். இதைத் தெரியாமல் மே கடைசியில் திகைத்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் அரைப் பக்கம் வணக்கமும் மரியாதையும் எழுதாதீர்கள். என்ன தெரியும், எப்போது முதல் எப்போது வரை வர முடியும், விசா நிலை என்ன என்று ஐந்தாறு வரி போதும்.

பாம்பன் பக்கத்துத் தங்கை ஒருத்தி. அவள் அம்மா கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, பாறை இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிற கூட்டத்தில் ஒருவர். தங்கை முதலில் காட்டிய கடிதத்தில் மதிப்பெண்ணும் சான்றிதழும்தான் இருந்தன. "உங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டதை எழுதும்மா" என்றேன். "அதையெல்லாம் எழுதலாமாண்ணே?" என்றாள். எழுதினாள். மரிக்கொழுந்தையும் கட்டக்கோரையையும் சின்ன வயதிலிருந்தே கையால் தடவிப் பிரித்தறிவேன், எந்தப் பாசி எந்த மாதத்தில் எந்தப் பாறையில் வளரும் என்று தெரியும் என்று. இரண்டே நாளில் பதில் வந்தது. கடற்பாசி மாதிரிகளைத் தரம் பிரிக்கிற வேலை, கோடை முழுக்க. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி வளர்ந்த பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகமும் தராத அறிவு இருக்கிறது. அதை மறைக்காதீர்கள்.

வேலை உறுதியானதும் ஐ-9 என்று ஒரு படிவம், அங்கே வேலை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்று காட்டுவதற்கு. உங்கள் பகுதியை முதல் நாளுக்குள் நிரப்ப வேண்டும். அசல் ஆவணங்களை வேலை தொடங்கிய மூன்று வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும். பாஸ்போர்ட், ஐ-20, நாட்டுக்குள் வந்ததைப் பதிகிற ஐ-94 எல்லாம் கையில் இருக்கட்டும். அப்புறம் சோஷியல் செக்யூரிட்டி நம்பர், சம்பளத்துக்கும் வரிக்கும் அரசு தருகிற எண். வேலை தருகிறவரின் கடிதம், சர்வதேச மாணவர் அலுவலகத்தின் கடிதம் இரண்டோடு நேரில் போக வேண்டும். வேலை தொடங்க 30 நாளுக்கு மேல் இருந்தால் வாங்க மாட்டார்கள். நம்பர் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கலாம்.

இன்னும் ஊரில் இருப்பவர்கள் ஒன்றைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியாது என்று பொருள். ஐ-20-இல் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, சம்பளக் கணக்கில் இன்னொரு மாதிரி என்று ஆகும். என் அறையில் இருந்த ஒருவரின் முதல் கோடைச் சம்பளம் இப்படி மூன்று வாரம் இழுத்தது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டைத் திருத்திவிட்டு விசாவுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை.

பணக் கணக்கை வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மணிக்கு 15 டாலர், வாரம் 40 மணி நேரம், 12 வாரம் என்றால் 7,200 டாலர். கேட்க நிறைய. வாடகை, சாப்பாடு, கோடை மருத்துவக் காப்பீடு போக, ஆகஸ்டில் கட்டணத்துக்குக் கொஞ்சம் நிற்கும். கடனை அடைக்கிற பணம் அது இல்லை. விடுதியை மே மாதம் காலி செய்யச் சொல்வார்கள், கோடைக்கு மட்டும் அறை கைமாற்றுகிறவர்களை ஏப்ரலிலேயே பிடித்துவிடுங்கள்.

வரி. எஃப்-1, ஜே-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்கிற ஓய்வூதிய, முதியோர் மருத்துவ வரிப் பிடித்தம் கிடையாது. சம்பளச் சீட்டில் 7.65 சதவீதம் பிடித்திருந்தால் உடனே கேளுங்கள், திரும்ப வாங்கலாம். ஆறாம் ஆண்டில் எனக்குக் கோடையில் பிடித்தார்கள், அது சரியான பிடித்தம்தான். அந்தக் கோடையில் நான் பாடம் எதற்கும் பதிவு செய்திருக்கவில்லை. இந்திய மாணவர்களுக்கு இன்னொரு சலுகை: இந்தியா-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி, அமெரிக்கர்கள் எடுக்கிற நிலையான கழிவை, அதாவது வருமானத்தில் வரி போடாமல் விடுகிற தொகையை, நாமும் எடுக்கலாம். வேறு நாட்டு மாணவர்களுக்கு இது பொதுவாகக் கிடையாது. வரிக் கணக்குப் படிவம் 1040-என்ஆர், கூடவே அந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று சொல்கிற 8843. சம்பாதிக்காத ஆண்டிலும் 8843-ஐ அனுப்ப வேண்டும். உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் மென்பொருளில் போட்டால் 1040 என்று தப்பான படிவம் போய்விடும். பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தனி மென்பொருள் தருகின்றன, கேட்டு வாங்குங்கள்.

சம்பளம் வாங்கியவர்கள் அடுத்த ஆண்டு இதையெல்லாம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் ஏப்ரல் 15. இங்கே நம் படகுகள் கரையோரம் நிற்கத் தொடங்குகிற அதே நாள்.