60-லேயே நிற்கிறதா, திக்குகிறதா?

"அண்ணா, கேம் லேக் ஆகுது" என்று சித்தி மகன் போன் செய்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எஃப்பிஎஸ் ஒரே எண்ணுல நிக்குதா, இல்ல படம் திக்கித் திக்கி வருதா?" எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், திரையில் வருகிறது என்ற எண். அந்த எண் நிற்பதையும் படம் திக்குவதையும் லேக் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முன்னது எண்ணை மேலே போகவிடாமல் எங்கோ போட்டு வைத்த பூட்டு. பின்னதில் கணினி எதற்காகவோ காத்து நிற்கிறது. இது தெரியாமல் நான் இரண்டு முறை விண்டோஸை அழித்துப் போட்டிருக்கிறேன். பயன் ஒன்றுமில்லை.

எதையும் மாற்றும் முன், கணினி எப்படி ஓடுகிறது என்று திரையிலேயே காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் அதோடு வரும் ரிவாட்யூனரையும் நிறுவுங்கள். எஃப்பிஎஸ், ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேம் வர எடுக்கும் நேரம்), கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு, கார்டின் மெமரி, பிராசசரின் வேகம் இவை திரை மூலையில் தெரிந்தால் போதும். ஃப்ரேம் டைமை மட்டும் கோடாக வையுங்கள், எண்ணாக வேண்டாம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். ஒரே ஒரு ஃப்ரேம் 90 மில்லிசெகண்ட் எடுத்தால் கை உடனே உணர்ந்துவிடும். எஃப்பிஎஸ் எண்ணோ 56 என்று காட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். கோட்டில் பார்த்தால் வயல் நடுவே ஒற்றைப் பனைமரம் மாதிரி நிற்கும்.

முதலில் பூட்டு. எண் 30, 60, 72 என்று ஆணி அடித்தாற்போல் நின்று, கார்டு பாதி வேலைதான் செய்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். நான் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தை மாற்றும்) மானிட்டர் வாங்கி மூன்று மாதம் அதை 60-ல் ஓட்டியவன். விண்டோஸ் தானாக மாற்றாது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் போய் நாம்தான் 144-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலிலேயே 144 இல்லையா? கேபிளைப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருந்தால் அதைப் போடுங்கள், அதுவும் கார்டின் பின்னால், மதர்போர்டில் அல்ல. அப்புறம் கேமின் உள்ளே இருக்கும் வி-சிங்க் (ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு பொருத்துவது), என்விடியா கன்ட்ரோல் பேனலில் இருக்கும் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் இரண்டையும் பாருங்கள். 72 என்றால் அது 144-ல் பாதி. கார்டால் 144-ஐ எட்ட முடியாதபோது வி-சிங்க் இப்படிப் பாதிக்கு இறக்கிவிடும். லேப்டாப்பில் 30 என்றால் பெரும்பாலும் பேட்டரி. சித்தி மகன் கடைசியாகப் போன் செய்தபோது சார்ஜர் மாட்டித்தான் இருந்தது, சுவரில் சுவிட்ச் போடவில்லை.

சில கேம்களில் பூட்டு உள்ளேயே இருக்கிறது. 2022-ல் வந்த எல்டன் ரிங் கணினியிலும் 60-ஐத் தாண்டாது. அதை உடைக்கும் மாட்கள், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றங்கள், உண்டு. ஆனால் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட்டை அணைத்து ஆஃப்லைனில்தான் ஆட வேண்டும். அதோடு ஆன்லைன் போனால் கணக்குக்கே ஆபத்து. 2011-ல் வந்த பழைய ஸ்கைரிமில் இயற்பியலே ஃப்ரேம் ரேட்டோடு கட்டியிருக்கிறது. 60-க்கு மேல் விட்டால் தொடக்கக் காட்சியில் வரும் குதிரை வண்டி துள்ளிக் குதித்துப் பறக்கும். அந்த மாதிரி கேமை 60-லேயே விட்டுவிடுவது நல்லது.

திக்கலுக்கு வருவோம். எப்போது திக்குகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. புது மந்திரம், புது வெடிப்பு முதல் தடவை வரும்போது மட்டும் திக்கி, மறுதடவை சரியாக ஓடினால் அது ஷேடர், அதாவது ஒளியையும் நிறத்தையும் கார்டு வரைவதற்கான சிறு நிரல், தயாராகும் நேரம். டிரைவர் அப்டேட் செய்த மறுநாளும் இப்படி இருக்கும். தயாரான ஷேடர்களைச் சேமித்து வைக்கும் ஷேடர் கேஷை அடிக்கடி அழிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், அழித்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. தலையைச் சட்டென்று திருப்பும்போது திக்கி, கார்டின் மெமரியும் நிரம்பியிருந்தால் கேம் செட்டிங்ஸில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) ஒரு படி இறக்குங்கள். அரை மணி நேரம் ஆடியபின் ஆரம்பித்தால் சூடு. வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் பிராசசரின் வேகம் சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் ஃபேனில் அடைந்த தூசியைத் தட்ட வேண்டியதுதான்.

என் திக்கலுக்கு இவற்றில் எதுவும் காரணம் இல்லை. என்னிடம் இருப்பது ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, நல்ல எஸ்எஸ்டி. இருந்தும் கூட்டம் நிறைந்த தெருவில் நுழைந்தால் கோடு ரம்பம்போல் ஆகிவிடும், கார்டு 60 சதவீதத்துக்கு இறங்கும். கார்டு சும்மா இருக்கிறது என்றால் பிராசசரோ ராமோ அதைக் காக்க வைக்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தேன். வேகம் 2133, ஸ்லாட் நான்கில் ஒன்று. காசை மிச்சம் பிடிக்க ஒரே 16 ஜிபி ராம் குச்சி வாங்கியது நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) ராமின் முழு வேகத்தைத் திறக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாதவரை அந்த வேகம் வராது. அதே ரகத்தில் இன்னொரு குச்சி வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டு, எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன். சராசரி எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் கூடியது. ரம்பம் போய்விட்டது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில் ஓடிப் பாருங்கள். என் பாதை எல்டன் ரிங்கில் எல்லே தேவாலயத்திலிருந்து கேட்ஃப்ரண்ட் இடிபாடு வரை, குதிரையில்.

எல்லாம் செய்தபின்னும் புது இடத்துக்குள் நுழையும்போது ஒரு குலுக்கல் மிஞ்சலாம். அன்ரியல் எஞ்சின் கேம்களில் இது சகஜம், நம் கையில் இல்லை. கடைசியாக ரிவாட்யூனரில் நீங்களே ஒரு பூட்டுப் போடுங்கள். ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் (திரை தன் வேகத்தைக் கார்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வசதி) உள்ள 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 141. எஃப்பிஎஸ் 70-க்கும் 95-க்கும் நடுவே அல்லாடுகிறதா, 70 போதும்.