கர்ப்பகாலச் சர்க்கரை: இனிப்பின் மீது பழி போட்டுவிட்டு நாம் செய்யும் தவறுகள்

வடசென்னையின் ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒரு கர்ப்பிணிக்குச் சர்க்கரை கூடியிருப்பதாகப் பரிசோதனைச் சீட்டில் வந்துவிட்டால், "அப்படி என்னதான் சாப்பிட்டாய்?" என்ற கேள்விதான் வீட்டில் முதலில் எழுகிறது. அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்கும் இந்தக் கேள்வியே முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

உடலுக்குள் நடப்பது வேறு. இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைக்குள் நுழைய வேண்டுமானால், கணையம் சுரக்கும் இன்சுலின், தசைச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் (சமிக்ஞையை வாங்கும் புரதத்தில்) போய்ப் பொருந்த வேண்டும். தூண்டப்பட்ட ஏற்பி, செல்லுக்குள் இருக்கும் ஐஆர்எஸ்-1 என்னும் புரதத்தில், டைரோசின் என்ற அமினோ அமிலம் உள்ள இடங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அதிலிருந்து பிஐ3கே, அடுத்து ஏகேடி என்ற நொதிகளுக்குச் சமிக்ஞை கைமாறி, கடைசியில் குளூட்-4 என்ற கடத்திப் புரதம் செல்லின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே அனுப்புகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் லாக்டோஜென் என்ற ஹார்மோனும் பிறவும் இந்தத் தொடரைத் தளர்த்துகின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தட்டாமல் போய்ச் சேர இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. எல்லாத் தாய்மாரிடமும் நிகழ்கிறது. பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. சிலரிடம் அதே ஐஆர்எஸ்-1 புரதத்தில், செரின் என்ற வேறோர் அமினோ அமிலம் உள்ள இடங்களில் பாஸ்பேட் மிகுந்து சமிக்ஞை இன்னும் மங்குகிறது, கணையமும் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. குடும்ப வரலாறு, உடல் எடை, வயது ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. வளைகாப்பில் தின்ற ஒரு லட்டு இந்த நோயைக் கொண்டுவருவதில்லை.

பழி இனிப்பின் மீது விழுவதால், இனிப்பை மட்டும் நிறுத்திவிட்டுச் சோற்றைத் தட்டு நிறையப் போட்டுக்கொள்வது அடுத்த தவறு. "இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்" என்று அன்போடு பரிமாறப்படும் சோறும், காலையில் அடுக்கப்படும் இட்லியும், பழச்சாறும் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன. அதற்காகப் பட்டினி கிடப்பதும் கூடாது. காசிமேட்டு மீன் வாசலுக்கே வரும் பகுதியில், சோற்றைக் குறைத்து, சங்கராவோ நெத்திலியோ குழம்பாக வைத்து, கீரையும் காயும் சேர்த்துக்கொள்வது பெரிய செலவில்லாத வழி. சாப்பிட்டபின் சிறிது நடப்பதும் உதவும். தசை இயங்கும்போது இன்சுலினின் சமிக்ஞை இல்லாமலே குளூட்-4 மேற்பரப்புக்கு வருகிறது. கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் நடக்க முடியாது என்பது உண்மைதான். மருத்துவர் தடை சொல்லாதவரை மொட்டை மாடி போதும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது இன்சுலின் ஊசியைப் பற்றிய பயம். "ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லி, மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகும் தள்ளிப்போடுகிறார்கள். ஊசியில் செலுத்தப்படும் இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடைவதில்லை. கடந்து செல்வது தாயின் இரத்தத்தில் மிகுந்திருக்கும் குளுக்கோஸ்தான். அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே இன்சுலினை அதிகமாகச் சுரக்க, குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் கடினமாகிறது. பிறந்து தொப்புள்கொடி துண்டிக்கப்பட்டதும் தாயின் குளுக்கோஸ் நின்றுவிடும், ஆனால் சுரந்த இன்சுலின் மிஞ்சியிருப்பதால் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும். ஆகவே குழந்தைக்குத் தீங்கு செய்வது ஊசி அல்ல, தள்ளிப்போடுவதே.

சோதனையிலும் கவனம் வேண்டும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு 2007-இலேயே நடைமுறைப்படுத்தியது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் செவிலியரிடம் சொல்ல வேண்டும், மறுநாள் திரும்பச் செய்வார்கள். முதல் சோதனையில் இல்லையென்று வந்தால் போதும் என்றிருப்பதும் தவறு. நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் ஏறும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்த்தாக வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு பலரும் மருத்துவமனைப் பக்கமே திரும்புவதில்லை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடுவதால் நோய் தீர்ந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் இந்தத் தாய்மாருக்குப் பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 6 வாரத்தில் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் அதே நாளில், தாய்க்கும் 75 கிராம் சோதனையைச் செய்துகொண்டு திரும்பலாம். உடன் போகும் மாமியாரோ அம்மாவோ அந்த 2 மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அது நடந்துவிடும்.