செப்டம்பர் பேஸ்பால் பந்தயத்தைப் பின்தொடர்வது எப்படி: மெட்ஸ் ரசிகனின் செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வொரு அணியும் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரைக்கும் ஏறக்குறைய தினம் ஓர் ஆட்டம். புதிதாகப் பார்க்க வருபவர்கள் இந்த எண்ணிக்கையைக் கேட்டதுமே மலைத்துப் போகிறார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: செப்டம்பரில் நுழையுங்கள். ஒரே டிவிஷனின் முதலிடத்துக்கு இரண்டு அணிகள் முட்டிமோதும் மாதம் அது. பட்டியலைப் படிக்க மட்டும் கற்றுக்கொண்டால், அதற்கு முந்தைய ஐந்து மாதக் கதையும் தானாகவே பிடிபட்டுவிடும்.

விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 2022-ஆம் ஆண்டின் நேஷனல் லீக் கிழக்கு டிவிஷனை. நியூயார்க் மெட்ஸும் அட்லாண்டா பிரேவ்ஸும் கடைசி வாரம் வரை விடாமல் மோதிய ஆண்டு. நான் மெட்ஸ் ரசிகன். பெரிய முன்னிலையைக் கோட்டைவிட்டுச் சரிந்துபோனார்கள் என்று அந்த அணியைப் பற்றி அன்றிலிருந்து சொல்லப்படுவது தவறு என்று உறுதியாக நம்புகிறேன். அதைக் கடைசிப் படியில் கணக்கோடு காட்டுகிறேன்.

படி 1: பட்டியலின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரண்டு லீக்குகள். ஒவ்வொரு லீக்கிலும் கிழக்கு, மத்தி, மேற்கு என மூன்று டிவிஷன்கள், டிவிஷனுக்கு ஐந்து அணிகள். ஐபிஎல் புள்ளிப்பட்டியல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது இன்னும் எளிது. இங்கே புள்ளியும் கிடையாது, நெட் ரன் ரேட்டும் கிடையாது. வெற்றி, தோல்வி, வெற்றி விகிதம், அதற்குப் பக்கத்தில் 'ஜிபி' என்று ஒரு கட்டம், அவ்வளவுதான். 98-58 என்று எழுதியிருந்தால் 98 வெற்றி, 58 தோல்வி என்று பொருள்.

படி 2: 'ஜிபி' கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

ஜிபி என்பது 'கேம்ஸ் பிஹைண்ட்', அதாவது முதலிட அணியைவிட எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது என்ற கணக்கு. இரண்டு அணிகளின் வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும்.

2022 மே மாத முடிவில் மெட்ஸ் 34-17, பிரேவ்ஸ் 23-27. வெற்றியில் வித்தியாசம் 11, தோல்வியில் 10. கூட்டினால் 21, பாதி 10.5. பிரேவ்ஸ் பத்தரை ஆட்டம் பின்னால்.

இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதை உணர வேண்டும். ஒரே நாளில் முன்னால் இருக்கும் அணி தோற்று, பின்னால் இருக்கும் அணி ஜெயித்தால்தான் முழுதாக ஒரு ஆட்டம் குறையும். இரண்டுமே ஜெயித்தால் எதுவும் மாறாது. அதனால்தான் நல்ல அணியைத் துரத்துவது இவ்வளவு கடினம். நீங்கள் தினமும் ஜெயித்தாலும் எதிரி தோற்க வேண்டுமே! பிரேவ்ஸ் ஜூன் 1-ஆம் தேதி தொடங்கி தொடர்ச்சியாக 14 ஆட்டங்கள் ஜெயித்தார்கள். அப்படி ஜெயித்தும் மெட்ஸைப் பிடிக்க அவர்களுக்கு செப்டம்பர் வரை ஆனது.

படி 3: தோல்விக் கட்டத்தை முதலில் பாருங்கள்

பழைய ரசிகர்கள் ஜிபியைப் பார்ப்பதற்கு முன்பே தோல்வி எண்ணைத்தான் பார்ப்பார்கள். காரணம் எளிது. மழையால் ஆட்டம் தள்ளிப்போகும், ஓய்வு நாட்கள் மாறி மாறி வரும், எனவே இரண்டு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்காது. ஆடாத ஆட்டத்தை இனிமேல் ஆடி ஜெயிக்கலாம். வாங்கிய தோல்வியை யாராலும் அழிக்க முடியாது.

2022 அக்டோபர் 3 இரவு நிலவரத்தைப் பாருங்கள். (அந்த ஆண்டு சீசன் தாமதமாக ஏப்ரல் 7-ஆம் தேதி தொடங்கியதால் அக்டோபர் 5 வரை நீண்டது.) மயாமியில் பிரேவ்ஸ் தோற்றார்கள், நியூயார்க்கில் மெட்ஸ் ஆட்டம் மழையால் நடக்கவில்லை. பிரேவ்ஸ் 100-60, மெட்ஸ் 98-61. ஜிபி ஒன்றரை என்று காட்டும். தோல்விக் கட்டத்திலோ வித்தியாசம் ஒன்றே ஒன்று. எங்களுக்கெல்லாம் நம்பிக்கை மிச்சமிருந்தது அந்த ஒன்றில்தான்.

படி 4: மேஜிக் நம்பர்

முதலிட அணி டிவிஷனை உறுதிசெய்ய இன்னும் எத்தனை தேவை என்பதைச் சொல்வது மேஜிக் நம்பர். 163-இலிருந்து முதலிட அணியின் வெற்றிகளையும் இரண்டாமிட அணியின் தோல்விகளையும் கழியுங்கள். இவர்கள் ஒவ்வொரு முறை ஜெயிக்கும்போதும், அவர்கள் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அந்த எண்ணில் ஒன்று குறையும். பூஜ்யம் வந்தால் டிவிஷன் கைக்கு வந்துவிட்டது.

2022 செப்டம்பர் 30 காலையில் மெட்ஸ் 98-58, பிரேவ்ஸ் 97-59. 163-இல் 98 போய், 59 போனால் 6. ஆறு ஆட்டங்கள் மீதி, மேஜிக் நம்பரும் ஆறு. பார்க்கச் சுகமாக இருக்கும். ஆனால் அடுத்த படியைப் படிக்காமல் சந்தோஷப்படாதீர்கள்.

படி 5: மீதமுள்ள அட்டவணையில் நேரடி மோதல்களைத் தேடுங்கள்

இரண்டு போட்டி அணிகளும் நேருக்கு நேர் மோதும் ஆட்டம் மற்ற ஆட்டங்களைப் போன்றதல்ல. யார் ஜெயித்தாலும் ஜிபி முழுதாக ஒன்று நகரும். மூன்று ஆட்டத் தொடரை முழுவதுமாக ஒரே அணி வென்றால் (இதைத்தான் ஸ்வீப் என்கிறார்கள்) மூன்று ஆட்டம் நகர்ந்துவிடும்.

செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 2 வரை அட்லாண்டாவில் அப்படியொரு தொடர் இருந்தது. இதற்காகவே மெட்ஸ் மேனேஜர் பக் ஷோவால்டர் தன் பிட்சர்களின் (பந்து வீசுபவர்கள்) வரிசையை ஒழுங்குபடுத்தி, ஜேக்கப் டிகிராம், மேக்ஸ் ஷெர்சர், கிறிஸ் பாசிட் மூவரையும் அடுத்தடுத்த நாட்களில் இறக்கினார். இதையும் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: தொடக்கப் பிட்சர் பொதுவாக ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார். ஒரு பெரிய தொடரில் உங்கள் சிறந்த பிட்சரின் முறை வருகிறதா என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது. மெட்ஸுக்கு வந்தது. இதைவிட நல்ல மூவரை அந்த அணியால் இறக்கியிருக்கவே முடியாது.

முதல் நாள் டிகிராம் ஆறு இன்னிங்ஸில் 11 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். அப்படி வீசியவரிடம் பிரேவ்ஸ் எடுத்த மூன்று ரன்களும் மூன்று தனித்தனி ஹோம் ரன்கள் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலிக்கு வெளியே அடிப்பது): ஆஸ்டின் ரைலி, மேட் ஓல்சன், டான்ஸ்பி ஸ்வான்சன். பேஸ்களில் (ரன் எடுக்க ஓடுபவர்கள் நிற்கும் இடங்கள்) ஆளே இல்லாத நேரத்தில், மூன்றே மூன்று பந்துகள். மற்ற பந்துகளையெல்லாம் அவர் அற்புதமாகத்தான் வீசினார். 5-2 என்று தோல்வி. மறுநாள் ஷெர்சர், 4-2. மூன்றாம் நாள் பாசிட் மூன்று இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை, 5-3. ஓல்சனும் ஸ்வான்சனும் மூன்று நாளும் ஹோம் ரன் அடித்தார்கள். இதில் ஸ்வான்சன் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பையன். அந்த வாரம் அவர் பேட்டைப் பிடித்து நின்றதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தொடரை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை என்று.

நேரடி மோதலைப் போலவே பலவீனமான அணிகளுடனான ஆட்டங்களையும் குறித்துவையுங்கள். எல்லோரும் அட்லாண்டாவைப் பற்றியே பேசுகிறார்கள். என் மனத்தில் தைத்திருப்பது அதற்கு முந்தைய வாரங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வாஷிங்டன் நேஷனல்ஸிடம் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டில் மூன்றில் இரண்டு தோல்வி. அந்த சீசனை நேஷனல்ஸ் 55-107 என்று முடித்தார்கள், 30 அணிகளிலும் மோசமான நிலை. பிறகு செப்டம்பர் 12 முதல் 14 வரை சிகாகோ கப்ஸிடம் அதே மைதானத்தில் மூன்றும் தோல்வி. நடுவில், 6-ஆம் தேதி பிட்ஸ்பர்கில் பந்து பட்டு ஸ்டார்லிங் மார்ட்டேயின் விரல் முறிந்தது. அதன் பிறகு டிவிஷன் பந்தயம் முடியும்வரை அவர் ஆடவில்லை. இந்த ஐந்து தோல்விகளில் ஒன்றே ஒன்று வெற்றியாகியிருந்தால் பட்டியலின் தலை மாறியிருக்கும்.

படி 6: சமநிலை விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

2021 வரை, டிவிஷன் முதலிடத்துக்கு இரண்டு அணிகள் சமமாக முடித்தால் 163-ஆவது ஆட்டம் ஒன்று நடக்கும். ஜெயிப்பவருக்கு டிவிஷன். 2022-இல் அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது இரு அணிகளும் அந்த சீசனில் ஒன்றுக்கொன்று ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களுக்கே இடம். விதியாக இது நியாயமானதுதான். ஆனாலும் அந்த 163-ஆவது ஆட்டத்தின் பரபரப்பை இழந்தது விளையாட்டுக்கு நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

அட்லாண்டா தொடருக்கு முன் மெட்ஸ் நேரடி மோதலில் 9-7 என்று முன்னிலை. ஸ்வீப் முடிந்ததும் 9-10. அதாவது அந்த மூன்று நாளில் மெட்ஸ் இழந்தது மூன்று ஆட்டத்தை மட்டுமல்ல, சமநிலை உரிமையையும் சேர்த்துத்தான். இந்த உரிமை முதலிட அணியிடம் இருந்தால் மேஜிக் நம்பர் கணக்கில் 163-க்குப் பதில் 162 போட வேண்டும். அக்டோபர் 2 இரவு பிரேவ்ஸ் 100-59, மெட்ஸ் 98-61. 162-இல் 100 போய், 61 போனால் ஒன்று. வெள்ளிக்கிழமை காலை நமக்கு ஆறு. ஞாயிறு இரவு அவர்களுக்கு ஒன்று.

அக்டோபர் 4 அன்று மெட்ஸ் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடி இரண்டையும் ஜெயித்தார்கள். அதே இரவு பிரேவ்ஸ் மயாமியில் 2-1 என்று ஜெயித்துக் கதையை முடித்தார்கள். கடைசி நாளில் மெட்ஸ் ஜெயித்து, பிரேவ்ஸ் தோற்று, இரண்டும் 101-61.

இந்த விதி எங்களை மறுபடியும் 2025-இல் பிடித்தது. மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் 83-79 என்று சமமாக முடிக்க, நேரடி மோதலில் 4-2 என்று முன்னால் இருந்த ரெட்ஸுக்குக் கடைசி வைல்ட் கார்டு இடம் (டிவிஷனை வெல்லாத அணிகளுக்கான பிளேஆஃப் இடம்) போனது. அதே ஆண்டு அமெரிக்கன் லீக் கிழக்கில் டொரன்டோ ப்ளூ ஜேஸும் நியூயார்க் யாங்கீஸும் 94-68 என்று முடித்தன. 8-5 என்ற நேரடி மோதல் கணக்கில் டிவிஷன் டொரன்டோவுக்கு. ஆகவே மே மாதத்தில் நடக்கும் ஒரு நேரடி மோதலைக்கூட லேசாக எண்ணாதீர்கள்.

படி 7: முதலிடத்துக்கு என்ன பரிசு?

ஒவ்வொரு லீக்கிலும் ஆறு அணிகள் பிளேஆஃபுக்குப் போகும்: மூன்று டிவிஷன் சாம்பியன்கள், மூன்று வைல்ட் கார்டு அணிகள். சாம்பியன்களில் சிறந்த இருவருக்கு முதல் சுற்றில் ஆட்டமே இல்லை. நேராக அடுத்த சுற்று. மற்ற நால்வரும் மூன்று ஆட்டத் தொடர் ஆட வேண்டும். 101 ஆட்டம் ஜெயித்த மெட்ஸ் வைல்ட் கார்டில் விழுந்து, 89 வெற்றி பெற்ற சான் டியாகோ பேட்ரெஸிடம் 2-1 என்று தோற்று வெளியேறியது. பிரேவ்ஸும் வெகுதூரம் போகவில்லை. அதே டிவிஷனில் 87 வெற்றியோடு மூன்றாவதாக வந்த ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அவர்களை வீழ்த்தி, இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதிச் சுற்றான உலகத் தொடர் வரை போனது.

படி 8: தினசரி வழக்கம்

நியூயார்க்கில் மாலை 7.10-க்குத் தொடங்கும் ஆட்டம் செப்டம்பரில் இந்திய நேரப்படி மறுநாள் அதிகாலை 4.40. பிட்சர் குறிப்பிட்ட நொடிகளுக்குள் வீச வேண்டும் என்ற பிட்ச் கடிகாரம் வந்த பிறகு ஆட்டங்கள் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. எனவே வேலைக்குக் கிளம்பும் முன் முழுதாகப் பார்த்துவிடலாம். எம்எல்பி செயலியில் பந்துக்குப் பந்து நிலவரம் வருகிறது. உங்கள் அணி ஆட்டத்தோடு போட்டி அணியின் ஆட்டத்தையும் திறந்துவையுங்கள். மைதானத்தில் இருக்கும் ரசிகர்களும் இதைத்தான் செய்கிறார்கள். சொந்த அணி பேட் செய்யும்போது ஒரு காரணமும் இல்லாமல் கூட்டம் திடீரென்று ஆரவாரிக்கும். வேறு ஊரில் போட்டி அணி ரன் கொடுத்திருக்கும், ஸ்கோர்போர்டில் அந்த எண் மாறியிருக்கும்.

படி 9: சரிவா, துரத்தலா என்று பிரித்துப் பாருங்கள்

2022 மெட்ஸைப் பற்றிப் பேச்சு வந்தால் பத்தரை ஆட்ட முன்னிலையைக் கோட்டைவிட்டார்கள், சரிந்துபோனார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். இப்போது உங்களுக்குக் கணக்கு தெரியும், நீங்களே போட்டுப் பாருங்கள்.

உண்மையான சரிவு எப்படி இருக்கும் என்பதற்கு இதே அணியின் 2007 சீசன் இருக்கிறது. செப்டம்பர் 12 இரவு மெட்ஸ் 83-62, ஃபில்லீஸ் 76-69. ஏழு ஆட்ட முன்னிலை, 17 ஆட்டம் மீதி. மேஜிக் நம்பர்: 163-இல் 83 போய், 69 போனால் 11. அதற்குப் பிறகு மெட்ஸ் ஜெயித்தது 5, தோற்றது 12. ஃபில்லீஸ் 13-4. ஐந்து வெற்றியும் எதிரியின் நான்கு தோல்வியும் சேர்ந்து ஒன்பதுதான் கழிந்தது. பதினொன்றில் இரண்டு அப்படியே நின்றுவிட்டது. ஒரே ஒரு ஆட்டத்தில் டிவிஷன் போனது. அது சரிவு. அதற்கு வேறு பெயர் இல்லை.

2022-இல் ஜூன் 1 முதல் சீசன் முடிவு வரை மெட்ஸ் 67-44. அதே வேகத்தில் ஒரு முழு சீசன் ஆடினால் ஏறக்குறைய 98 வெற்றி வரும். பெரும்பாலான ஆண்டுகளில் டிவிஷனையே வென்று தரக்கூடிய எண் அது. 1986-இல் 108 ஆட்டம் ஜெயித்த அணியைத் தவிர மெட்ஸ் வரலாற்றில் எந்த அணியும் அதற்குமுன் 101 ஜெயித்ததில்லை. நடந்தது என்னவென்றால், அதே நான்கு மாதங்களில் பிரேவ்ஸ் 78-34 என்று ஆடினார்கள்.