கேன்வாஸ் ஷூவில் காய்ந்த பெயிண்ட்: எனக்குக் கைகொடுத்த வழி

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சுவருக்கு அடித்த எமல்ஷன் என்ற நீர் கலந்த பெயிண்ட், மகளின் வெள்ளைப் பள்ளி ஷூவில் சொட்டி இரண்டு நாள் காய்ந்துவிட்டது. இதற்கு வெறும் தண்ணீர் போதாது. காய்ந்த எமல்ஷன் பிளாஸ்டிக் படலம்போல இறுகிவிடும். அதை இளக்க ஆல்கஹால் வேண்டும்.

கறை உட்புறம் இறங்காமலிருக்க ஷூவுக்குள் பழைய துணியைத் திணித்தேன். தடித்திருந்த பெயிண்டைப் பழைய ஈஸி-லிங்க் (பேருந்து, ரயில் கட்டண) அட்டையின் ஓரத்தால் சுரண்டினேன். கத்தி வேண்டவே வேண்டாம், நூல் அறுந்துவிடும். பிறகு 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, கறைமேல் 5 நிமிடம் அழுத்தி வைத்தேன். படலம் பிசுபிசுவென்று இளகியதும், பழைய டூத்பிரஷ்ஷால் நெசவு ஓடும் திசையிலேயே தேய்த்து, வெள்ளைத் துணியால் உடனே ஒற்றி எடுத்தேன். வட்டமாகத் தேய்த்தால் இளகிய பெயிண்ட் பக்கத்து நூலில் ஏறிக்கொள்ளும். மூன்று முறையில் போய்விட்டது. நிற ஷூ என்றால் முதலில் நாக்குப் பகுதியின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்; சாயம் போகலாம்.

கடைசியில் 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கழுவி, நன்றாக அலசினேன். சோப்பு தங்கினால் காயும்போது மஞ்சள் கறை படியும். அதனால் ஈர ஷூவை வெள்ளை டிஷ்யூவால் சுற்றி, மின்விசிறிக் காற்றில் காயவைத்தேன். அந்த மஞ்சள் கறை ஷூவில் படியாமல் டிஷ்யூவில் ஏறிவிடும். நம்மூர் ஈரப்பதத்துக்கு ஒரு முழு இரவாவது ஆகும்.

அசிட்டோன், தின்னர் பக்கம் போகாதீர்கள், ரப்பர் அடியை ஒட்டிய பசை விட்டுவிடும். இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் எனாமல் (எண்ணெய் பெயிண்ட்) என்றால் ஆல்கஹால் அவ்வளவாக எடுபடாது. துணி நுனியில் சிறிது டர்பன்டைன் தொட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துத் துடைக்க வேண்டும்.